ஆப்பி முதல் லேமினேட் வரை: தஞ்சைத் தரையின் கதை

தஞ்சையின் வரலாற்றை நாம் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தே படித்திருக்கிறோம். பெரிய கோயிலின் விமானம், கல்லணை, செப்புத் திருமேனிகள், காவிரி பாயும் நெல்வயல்கள். காலடியில் கிடக்கும் வீட்டுத் தரைக்கு அந்த வரலாற்றில் இடம் குறைவு. அந்தத் தரையைப் பெருக்கி, மெழுகி, துடைத்துக் காப்பாற்றி வந்தவர்களுக்கும் அப்படித்தான்.

இப்போது தஞ்சாவூரின் புதிய அடுக்ககங்களில், குறிப்பாகப் படுக்கையறைகளில், லேமினேட் தரை வரத் தொடங்கியிருக்கிறது. பார்க்க மரம் போலிருக்கும். “பராமரிப்பே வேண்டாம், துடைச்சா போதும்” என்று சொல்லி விற்கிறார்கள். துடைப்பது யார் என்பது விலைப்பட்டியலில் இருப்பதில்லை. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

புறநானூற்றின் 249ஆம் பாட்டு தும்பி சொகினனார் பாடியது. கணவனை இழந்த ஒருத்தி, அவனுக்குச் சோறு படைப்பதற்காகச் சுளகளவு இடத்தைச் சாணத்தால் மெழுகுகிறாள். அதற்கு நீர், அவள் கண்ணீர். சாணத்தை அந்தப் பாட்டு ‘ஆப்பி’ என்கிறது. வகுப்பறையில் பொதுவியல் திணை, தாபத நிலைத் துறை என்று குறித்துக்கொண்டு கடந்துவிடுகிறோம். அதில் ஒரு நிலக்கணக்கும் இருக்கிறது. இறந்தவன் அகன்ற நாட்டின் தலைவன். அவன் மனைவிக்கு மிஞ்சியது முறம் அளவுத் தரை. அதையும் அவளே மெழுகியாக வேண்டும். துக்கம் வந்த நாளிலும் வேலை அவளை விடவில்லை.

இதே வேலை கோயிலுக்குள் போனபோது ஒரு பட்டம் பெற்றது. கோயில் தரையைச் சாணத்தால் மெழுகும் பணிக்குத் ‘திருமெழுக்கு’ என்று பெயர். அந்தப் பணி செய்கிறவர்களுக்காக விடப்பட்ட நிலத்தைத் ‘திருமெழுக்குப்புறம்’ என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. அதாவது மெழுகுதல் ஒரு தொழில், அதற்கு ஊதியம் உண்டு என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது. வீட்டில் மெழுகியவளுக்குத் ‘திரு’வும் கிடைக்கவில்லை, நிலமும் கிடைக்கவில்லை. பக்தி மரபும் இதில் பெரிதாக வேறுபடவில்லை. திருவதிகைக் கோயிலில் அலகிட்டு மெழுகித் தொண்டு செய்தவர் திலகவதியார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவர் வழியாகச் சைவத்துக்குத் திரும்பிய தம்பி, உழவாரம் ஏந்திய அப்பர், அறுபத்து மூவரில் ஒருவர். அக்காள் அந்தக் கணக்கில் இல்லை.

சாணம் மெழுகிய மண்தரை எப்படி நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மண்ணைப் பிசைந்து பரப்பி, திமிசுக்கட்டையால் இடித்துச் சமன் செய்வார்கள். பசுஞ்சாணத்தைத் தண்ணீரில் கரைத்து மேலே பூசுவார்கள். வைக்கோல் கரியைக் கலந்தால் தரை கறுத்துப் பளபளக்கும். சாணத்திலுள்ள நார் மண்ணைப் பிடித்துக்கொள்வதால் புழுதி கிளம்பாது, வெடிப்பு குறையும். ஆனால் அந்தப் பூச்சு நாள்பட நிற்காது. நடக்க நடக்கத் தேயும், மறுபடி மெழுக வேண்டும். குத்துக்காலிட்டு, கையை அரைவட்டமாக வீசி, பின்னால் நகர்ந்துகொண்டே போகிற வேலை அது. தான் பூசிய இடத்தில் தானே கால் வைக்க முடியாது. சாப்பிட்ட இலை எடுத்த இடம், பண்டிகைக்கு முதல் நாள், சாவு நடந்த வீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மெழுகல். மாதவிலக்கான பெண் ஒதுங்கி உட்கார்ந்த இடத்தையும் மெழுகித்தான் ‘தீட்டு’ கழித்தார்கள். தரையைச் சுத்தமாக்குகிறவளே தரையை அசுத்தமாக்குகிறவளும் ஆனாள்.

இதுவரை ‘பெண்’ என்று ஒருமையில் பேசிவிட்டோம். காவிரிப் படுகையில் அப்படிப் பேசினால் பாதி உண்மைதான் வரும். காத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்திலும், ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்திலும் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தார்கள். அவர்கள் எழுதிய ஊர்களில் அக்கிரகாரம், பிற சாதியார் தெருக்கள், சேரி மூன்றும் தனித்தனி. மிராசுதார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் விடிவதற்குள் சாணி அள்ளியவள் சேரியிலிருந்து வந்த பண்ணையாள் பெண். கொல்லைப்புறம் வரை அவள் வரலாம். அவள் அள்ளிக் குவித்த சாணிதான் வீட்டுக்குள் போய்த் தரையாயிற்று. அந்தத் தரையில் அவள் கால் படக் கூடாது. உள்ளே குனிந்த பெண்ணுக்கும் அது ஓயாத வேலைதான். ஆனால் இருவருடைய குனிவையும் ஒன்றென்று எழுதினால் அது கொல்லைக் கதவை மறைக்கிற எழுத்து.

சாணிக்கு இந்த மண்ணில் இன்னொரு பயனும் இருந்தது. எதிர்த்துப் பேசிய பண்ணையாளுக்குச் சாட்டையடியோடு, சாணியைக் கரைத்துக் குடிக்கவைத்த ‘சாணிப்பால்’ தண்டனை. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயிகள் சங்கம் 1940களில் இதை எதிர்த்துத்தான் எழுந்தது. தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு, வேட்டியும் சட்டையுமாகச் சேரிகளுக்குள் சென்று கூலிகளைத் திரட்டிய மணலூர் மணியம்மை அதில் முன்னின்றார். அக்கிரகாரத்து விதவை ஒருத்தி, தன் வீட்டுத் தரை யாருக்கு விலக்கப்பட்டிருந்ததோ அவர்கள் வீட்டுத் தரையில் போய் உட்கார்ந்தாள். தஞ்சை வரலாற்றில் பெண்கள் செய்த பெரிய மீறல்களில் அது ஒன்று. அவர் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்று நாவலாக்கினார்.

சேரிப் பெண் தன் குடிசையையும் மெழுகினாள். ஆனால் அந்தக் குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. கூலி கேட்டால் வேலை போகும், வேலையோடு மனையும் போகும். 1952இன் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், காரணமில்லாமல் வேலையைவிட்டு விலக்குவதற்குத் தடை போட்டது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடியவர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்ற குடியிருப்புச் சட்டம் 1971இல் வந்தது. 1981இல் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் பெற்றுத் தந்தபோது பட்டாவைப் பெண்கள் பெயரில் எழுத வைத்தது. தரையைக் காப்பாற்றுகிறவளுக்கும் தரையின் பட்டாவுக்கும் இடையிலிருந்த தூரம் அங்கே கொஞ்சம் குறைந்தது.

பிறகு வந்த தரைகளை நம் வீடுகளிலேயே எண்ணிவிடலாம். சிவப்புச் சிமெண்டு, மொசைக், கிரானைட், டைல்ஸ். சாணி அள்ளும் வேலை பல வீடுகளில் நின்றது. நீளக் கம்பு வைத்த மாப் வந்து முதுகை நிமிர்த்தியது. இவை உண்மையான விடுதலைகள், கேலி செய்யக் கூடாதவை. ஆனால் பளபளப்பு கூடக் கூட, எது அழுக்கு என்பதற்கான அளவும் மாறியது. மண்தரையில் தெரியாத தலைமுடி வெள்ளை டைல்ஸில் தெரியும். மாதம் சில முறை மெழுகிய இடத்தைத் தினம் துடைக்க வேண்டியதாயிற்று. மிச்சமான நேரம் பெண்ணிடம் தங்கவில்லை. 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம்.

லேமினேட் இந்த வரிசையில் கடைசி. 1977இல் ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் உருவாக்கியது. மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை, அதன்மேல் மரத்தின் புகைப்படம் அச்சிட்ட காகிதம், அதற்கும் மேலே மெலமைன் பிசினும் அலுமினியம் ஆக்சைடும் சேர்ந்த கடினமான படலம். கீறலைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. இணைப்புகள் வழியே நீர் இறங்கினால் உள்ளே இருக்கும் மரநார் ஊதும். ஊதிய பலகை பழைய நிலைக்குத் திரும்பாது. இழைத்துச் சரிசெய்ய நினைத்தால் மேலிருக்கும் மரப்படம்தான் போகும். பலகையை மாற்றுவது ஒன்றே வழி.

வாசல் தெளித்து நாளைத் தொடங்குகிற ஊர் இது. பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் வாளி வாளியாக ஊற்றி வீட்டைக் கழுவிவிடுகிற ஊர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரக்காலோடு உள்ளே வருகிற ஊர். இங்கே தண்ணீருக்குப் பயப்படும் தரையைப் போட்டால், தலைமுறைகளாகப் பெண்களின் கையில் இருக்கும் பழக்கம் ஒரே நாளில் தவறாகிவிடுகிறது. அந்தத் தவறுக்கான திட்டு வீட்டுவேலைக்கு வருகிற பெண்ணின் தலையில் விழுகிறது. பலகை ஊதினால் “தண்ணியக் கொட்டிட்டே” என்பார்கள், கூலியில் பிடிப்பார்கள். தரையோடு வந்த பராமரிப்புத் தாள் ஆங்கிலத்தில் இருக்கும். அதை யாரும் அவளுக்குப் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007இல் அமைந்தது. இந்த மாதிரிக் கூலிப் பிடித்தங்கள் இன்னும் வீட்டுக் கதவுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகின்றன.

ஆகவே லேமினேட் போட்டவர்கள் ஒன்று செய்யலாம். அந்தத் தாளில் இருப்பதைத் தமிழில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டலாம். வாசலில் மிதியடி போட வேண்டும், மணல்தான் கீறும். மென்மையான துடைப்பத்தால் பெருக்க வேண்டும். துணியை நன்றாகப் பிழிந்து துடைக்க வேண்டும், தரையில் ஈரம் நிற்கக் கூடாது. சிந்தியதைச் சிந்தியவரே உடனே துடைக்க வேண்டும். ஆசிட், சோப்புத்தூள், ஆவி மாப், மெழுகுப் பூச்சு கூடாது. நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்ட வேண்டும். கடைசி இரண்டு வரிகளைத் தாளில் இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இது வீட்டிலுள்ள எல்லோரும் படிக்க வேண்டியது, அப்பாவும் அண்ணனும் உட்பட. பலகை ஊதினால் அதற்காக யார் கூலியிலும் கை வைக்கக் கூடாது.