‘பிங்’ என்றொரு சத்தம்

நேற்று வீட்டிலுள்ள இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை என்று பேரன் கறுப்புத் திரையில் ‘பிங்’ என்று தட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் வாலில் என் தவறு ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களைக் கவிழ்த்துவந்த காலம். பிரான்சில் பேராசிரியர் போல் லான்ழ்வேன், ருஷ்யப் பொறியாளர் ஷிலோவ்ஸ்கியுடன் 1915-ல் ஒரு வேலையைத் தொடங்கினார். காதுக்குக் கேட்காத ஒலியை நீருக்குள் அனுப்பி, எதிலாவது மோதித் திரும்புகிறதா என்று பார்ப்பது. 1917-ல் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு அது கைகூடியது. பின்னால் வந்த சோனார் கருவிக்கு அதுவே வித்து. பள்ளியில் எங்கள் முசியே இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியது நினைவிருக்கிறது. சோனாரின் ஒலியைத்தான் ஆங்கிலத்தில் ‘பிங்’ என்பார்கள்.

1981-ல் இணைய விதிமுறைகளில் ‘எக்கோ’ என்றொரு செய்தியைச் சேர்த்தார்கள். ஒரு கணினி அனுப்பியதை மற்றது அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பிணையம் தகராறு செய்தது. அங்கே பணியாற்றிய மைக் மூஸ், இந்த எக்கோவை வைத்து ஒரே இரவில் சிறு நிரல் எழுதி, சோனாரின் பெயரையே சூட்டினார். விடிவதற்குள் நிரல் தயார். ஆனால் அவர் முதல் பிங்கை அனுப்புமுன்பே சக ஊழியர் பழுதைச் சரிசெய்துவிட்டாராம்! மூஸ் 2000-ல் சாலை விபத்தில் மறைந்தார். அவர் நிரல் இன்றும் உலகெங்கும் ஓடுகிறது.

இனி என் கதை. 1998-ல் எங்கள் அலுவலகத்தில் இரண்டு கணினிகள். பென்ஷன் கணக்கு அடுத்த அறையில், பிரிண்டர் என் மேசையில். நடுவே ஒரு கறுப்பு கேபிள். ஒருநாள் தொடர்பு அறுந்தது. கணவரை இழந்த ஓர் அம்மாள் மூன்றாம் தடவையாக வந்து பெஞ்சில் காத்திருந்தார். “புதுப் பையன் எதையோ நோண்டிவிட்டான், சார்” என்று அதிகாரியிடம் சொன்னேன். இளம் டைப்பிஸ்ட் நன்றாகத் திட்டு வாங்கினான்.

பழுது பார்க்க வந்தவர் முதலில் 127.0.0.1 என்ற எண்ணுக்குப் பிங் அனுப்பினார். அது கணினி தன்னைத் தானே கூப்பிடும் எண்; பதில் வந்தது. அடுத்த அறைக் கணினியைக் கூப்பிட்டார், பதில் இல்லை. அங்கே போய் அதையும் இப்படியே சோதித்தார். “இரண்டும் நன்றாக இருக்கின்றன. வழியில்தான் கோளாறு” என்று கேபிளைக் கையால் தடவிக்கொண்டே என் மேசைக்கு வந்தவர் கேட்டார்: “இந்த முனையில் ஒரு மூடி இருந்திருக்குமே, சார்?”

அது என் பேனா டப்பாவில் இருந்தது. முந்தின நாள் மேசையை நகர்த்தும்போது, உதவாத துண்டு என்று நானே கழற்றிப் போட்டிருந்தேன். டெர்மினேட்டர் என்று பெயர், 50 ஓம். முனைக்கு வரும் மின்சமிக்ஞையை அது உறிஞ்சிவிடும். அது இல்லாவிட்டால் சமிக்ஞை முட்டித் திரும்பிப் பின்னால் வருவதைக் குழப்பும். வேண்டாத எதிரொலி வேண்டிய எதிரொலியைக் கெடுத்துவிட்டது.

மூடியைத் திருகியதும் பதில் வந்தது. அந்த அம்மாள் அன்று மாலையே காகிதத்தோடு போனார். டைப்பிஸ்ட் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன், டீக்கடையில். அவனைத் திட்டிய அதிகாரியிடம் உண்மையைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை. பேரன் பிங் தட்டும்போதெல்லாம் அது உறுத்துகிறது.