நாய்க்குத் திராட்சை ஆகாதுன்னு எப்போ தெரிஞ்சது?

நாய் வளர்க்கிற யார்கிட்டயாவது "திராட்சை கொடுக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஐயையோ, கூடவே கூடாது" என்று உடனே பதில் வரும். ஏதோ பாட்டி காலத்திலிருந்து தெரிஞ்ச விஷயம் மாதிரி சொல்வாங்க. நாய் மனுஷனோடு சேர்ந்து குறைந்தது 15,000 வருஷம் ஆகிறது. திராட்சை பயிர் செய்யவும் ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. ஆனா இந்த ரெண்டும் சேர்ந்தால் நாயோட சிறுநீரகம் போயிடும்னு கால்நடை மருத்துவ உலகத்துக்கே தெரிய வந்தது 1999-லிருந்து 2001-க்குள்ளதான். எனக்கும் இந்தத் தகவலுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு.

இந்தக் கதையைத் தோண்ட ஆரம்பிச்சதுக்குக் காரணம் ஆலங்குளம். தென்காசி ஆலங்குளம் இல்லை. விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை பக்கம், அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம். அங்கே எங்க அத்தை வீட்டில் ஒரு வெள்ளை ஸ்பிட்ஸ் இருக்கு. ஊர்ல எல்லாரும் "பாமரேனியன்" என்றுதான் சொல்வாங்க. பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்த ஐரோப்பிய ஸ்பிட்ஸ் நாய்களோட வம்சம், நம்ம ஊர் வெயிலுக்குப் பழகி இந்தியன் ஸ்பிட்ஸ் ஆகிடுச்சு. 1994-ல் 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்தில் வந்த டஃபிக்கு அப்புறம் இந்தியா முழுக்க வீட்டுக்கு வீடு அதுதான். பக்கத்து ஊர் ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலை கிடைச்சுது. ஸ்பிட்ஸுக்கு அந்த மரியாதை இல்லை. ஆனா மடியில் இடம் கிடைச்சுது.

அந்த நாய்க்கு என்ன பழம் கொடுக்கலாம்னு ஒரு லிஸ்ட் எடுத்துக்கிட்டுத்தான் போன தடவை போனேன். "அத்தை, திராட்சை மட்டும் போட்றாதீங்க" என்றேன். அத்தை சிரிச்சாங்க. "திராட்சையா? அதுக்கெங்கடா போடப்போறேன். நம்ம திங்கிறதுதான் அதுக்கும். மத்தியானம் புளிக்குழம்புச் சோறு, ராத்திரி ரசம் சோறு." அந்தப் பதிலில் இருந்த புளிதான் இன்றைய எபிசோட். ஆனா புளிக்குப் போகணும்னா திராட்சை வழியாத்தான் போகணும்.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1978-ல் விலங்குகளுக்கான ஒரு விஷ உதவி மையம் தொடங்கினாங்க. "என் நாய் எதையோ தின்னுடுச்சு" என்று யார் வேணும்னாலும் போன் பண்ணலாம். 1996-ல் அது ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பின் கைக்கு வந்தது. வர்ற ஒவ்வொரு அழைப்பும் ஒரு ரெக்கார்டு: என்ன நாய், எவ்வளவு எடை, என்ன தின்னுச்சு, எவ்வளவு தின்னுச்சு, அப்புறம் என்ன ஆச்சு. எல்லாம் ஒரே டேட்டாபேஸில். நம்ம வேலையில் சொல்ற மாதிரி சொன்னா, யாரோ ஒருத்தர் ஆரம்பத்திலேயே லாகிங் ஒழுங்கா போட்டு வெச்சிருந்தாங்க.

1999 வாக்கில் அங்கிருந்த மருத்துவர்களுக்கு ஒரு பேட்டர்ன் தட்டுப்பட்டது. ஒரு நாய் திராட்சையோ உலர் திராட்சையோ தின்னும். சில மணி நேரத்தில் வாந்தி. அப்புறம் சாப்பாட்டைத் தொடாது, சோர்ந்து படுக்கும். ஓரிரு நாளில் சிறுநீர் குறைஞ்சு, சிறுநீரகம் செயலிழக்கும். 2001-ல் ஷாரன் குவால்ட்னி-பிராண்ட் என்ற விஷவியல் மருத்துவரும் அவரோட குழுவும் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் இதை ஒரு கடிதமா எழுதினாங்க. பெரிய ஆய்வுக்கட்டுரை எல்லாம் இல்லை. இப்படி நடக்குது, கவனிங்க என்ற அளவில் ஒரு கடிதம்.

2005-ல் இன்னொரு குழு பழைய பதிவுகளைத் தோண்டியது. 1992-லிருந்து 2002 வரைக்கும் திராட்சை தின்று சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 43 நாய்கள். அதில் பிழைத்தது 23. வருஷத்தைக் கவனிங்க: 1992. யாரும் பார்க்கிறதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே பக் லாகில் இருந்திருக்கு!

ஆனா திராட்சையில் எது விஷம்? இருபது வருஷம் யாருக்கும் தெரியலை. பூச்சிமருந்தா என்று பார்த்தாங்க, இல்லை. பூஞ்சை நச்சா, கன உலோகமா, எதுவும் சிக்கலை. வீட்டுத் தோட்டத்தில் மருந்தே அடிக்காத பழத்தைத் தின்ற நாயும் செத்தது. ஒரு நாய் ஒரு கொத்தையே தின்னுட்டு வாலாட்டிக்கிட்டு நிக்கும். இன்னொரு நாய் ஒரு கைப்பிடியில் போயிடும். ரீப்ரொட்யூஸ் ஆகாத பக் எவ்வளவு கொடுமைன்னு நம்மில் பலருக்குத் தெரியும். அதனால் மருத்துவர்கள் எடுத்த முடிவு, ஒரு பழம்கூட வேண்டாம்.

முடிச்சு அவிழ்ந்தது ஒரு விளையாட்டு மாவில். மைதா, உப்பு, தண்ணீர், கூடவே 'கிரீம் ஆஃப் டார்டர்' என்ற வெள்ளைப் பொடி சேர்த்துப் பிசைஞ்சா குழந்தைகள் உருட்டி விளையாடுற மாவு. கேக் செய்றவங்க முட்டை வெள்ளைக்கருவை அடிக்கும்போது போடுற அதே பொடிதான். வீட்டில் செய்த அந்த மாவைத் தின்ற ஒரு நாய்க்கு வாந்தி வந்து சிறுநீரகம் போச்சு. அந்த ஃபைலைப் பார்த்த ஏ.எஸ்.பி.சி.ஏ. மருத்துவர் கோலெட் வெகனாஸ்டுக்கு இது அப்படியே திராட்சை கேஸ் மாதிரி இருக்கேன்னு பட்டது. கிரீம் ஆஃப் டார்டர் என்பது டார்டாரிக் அமிலத்தோட பொட்டாசியம் உப்பு. காலங்காலமா ஒயின் பீப்பாயின் உள்சுவரில் படியுற படிகத்தைச் சுரண்டித்தான் அதை எடுத்தாங்க. ஒயின் எதிலிருந்து வருது? திராட்சையிலிருந்து. இதுதான் காரணமா இருக்கணும்னு 2021-ல் அவங்க குழு எழுதியது. இந்த அமிலத்தோட அளவு ரகத்துக்கு ரகம், பழுக்கப் பழுக்க மாறும். கொத்தைத் தின்ற நாய் ஏன் பிழைச்சதுன்னும் இப்போ ஓரளவு புரியுது.

டார்டாரிக் அமிலம் ஒண்ணும் புதுசு இல்லை. ஷீலே என்ற ஸ்வீடன் மருந்தாளுநர் அதைப் பிரிச்செடுத்தது 1769-ல். 1848-ல் பாஸ்டர் மூலக்கூறுகளுக்கும் இடது கை, வலது கை மாதிரி வித்தியாசம் உண்டுன்னு காட்டியது இதோட உப்பை வெச்சுத்தான். எனக்கு நிஜமா உறைச்சது வேற ஒண்ணு. 1913-லேயே அண்டர்ஹில் என்பவரும் கூட இருந்தவங்களும் முயல்களுக்கு டார்டாரிக் அமிலத்தோட உப்பை ஊசியில் செலுத்தி, சிறுநீரகம் எப்படிக் கெடுதுன்னு கட்டுரையே எழுதியிருக்காங்க. ஒரு அலமாரியில் அந்தக் கட்டுரை. இன்னொரு அலமாரியில் நாய்களோட ரெக்கார்டு. நடுவில் கிட்டத்தட்ட நூறு வருஷம்.

இப்போ புளிக்கு வரலாம். 2022-ல் வெகனாஸ்ட் குழு அடுத்த கட்டுரையை வெளியிட்டது. கிரீம் ஆஃப் டார்டர் தின்ற சில நாய்களோட, புளி தின்ற நாய்களும் அதில் இருந்தன. சிறுநீரகத்தில் அதே மாதிரி சேதம். ஏன்னா நம்ம சமையலறையில் டார்டாரிக் அமிலம் அதிகமா இருக்கிற பொருள் திராட்சை இல்லை, புளி. திராட்சையில் சுமார் 1 சதவீதம், ரகத்தைப் பொறுத்து முன்னப்பின்ன இருக்கும். புளியோட சதையில் 8 முதல் 18 சதவீதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம்ம சமையல் குறிப்பில் எப்பவும் வர்ற 'எலுமிச்சை அளவு புளி' கிட்டத்தட்ட 30 கிராம்னு வெச்சுக்குங்க. 10 சதவீதம்னா 3 கிராம் அமிலம். ஒரு திராட்சை 5 கிராம், அதில் 1 சதவீதம்னா 0.05 கிராம். அப்போ ஒரு எலுமிச்சை அளவு புளியில் 60 திராட்சையோட அமிலம். அந்தக் குழம்பை அஞ்சு பேர் பங்கு போட்டா, ஒரு பங்கில் 12 திராட்சை. அடுப்பில் கொதிக்கிற சூட்டில் டார்டாரிக் அமிலம் சிதையாது. கரையும், அவ்வளவுதான். இது துல்லியமான மருத்துவக் கணக்கு இல்லை, அளவு எந்த ரேஞ்சில் இருக்குன்னு புரிஞ்சுக்கத்தான்.

"எங்க வீட்டு நாய் பத்து வருஷமா புளிக்குழம்புச் சோறு தின்னுது, ஒண்ணும் ஆகலையே" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. கொத்துத் திராட்சை தின்ற நாய்க்கும் ஒண்ணும் ஆகலை என்பதுதான் இருபது வருஷமா எல்லாரையும் குழப்பியது. எடையையும் பாருங்க. 2005 வாக்கில் மருத்துவர்கள் கொடுத்த கணக்குப்படி, உலர் திராட்சையில் பாதிப்பு பதிவான மிகக் குறைந்த அளவு நாயோட எடையில் கிலோவுக்கு 2.8 கிராம். 25 கிலோ ராஜபாளையம் நாய்க்கு அது 70 கிராம், அவ்வளவு கிஸ்மிஸ் அதுக்கு யாரும் கொடுக்க மாட்டாங்க. 4 கிலோ ஸ்பிட்ஸுக்கு 11 கிராம்தான். தீபாவளிக்குக் கேசரியிலிருந்து பொறுக்கிப் போடுற ஒரு சின்னக் கைப்பிடி.

அதைவிடப் பெரிய கேள்வி, நம்ம ஊரில் அப்படி ஒரு நாய் செத்தா யாருக்குத் தெரியும்? சிவகாசி பக்கம் தீபாவளி நேரத்தில் வெடிச் சத்தத்துக்குப் பயந்து நாய்கள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கும். ரெண்டு நாள் சோறு தொடாது. சில நாய் வாந்தியும் எடுக்கும். சிறுநீரகம் போற நாயும் இதையேதான் செய்யும். அது மழைக்காலம் வேற. எலிக்காய்ச்சல் வந்தாலும் நாயோட சிறுநீரகம்தான் அடிவாங்கும். செத்துப்போனா "வெடிமருந்தை நக்கியிருக்கும்", "எலி மருந்தைத் தின்னிருக்கும்" என்று சொல்லி, தென்னை மரத்தடியில் புதைச்சிடுவோம். அது எந்த டேட்டாபேஸிலும் ஏறாது. புளியைத் தினமும் கரைக்கிற ஊரில் தெரியாத விஷயம், புளியே அபூர்வமான அமெரிக்காவில் ஒரு விளையாட்டு மாவு வழியாத் தெரிஞ்சது. ஏன்னா அங்கே போன் எடுக்க ஆள் இருந்தது, எழுதி வெச்சாங்க.

கதை 2021-லும் நிக்கலை. 1958-ல் ஒரு காக்கர் ஸ்பானியல் நாயோட சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களை இன்னைக்கும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்க்கிறாங்க. எம்.டி.சி.கே. செல்கள்னு பேர். 2023-ல் அந்தச் செல்கள் மேல் டார்டாரிக் அமிலத்தைச் சேர்த்துப் பார்த்தப்போ செல்கள் செத்தன. புரோபெனிசிட் என்ற மருந்தையும் சேர்த்தப்போ தாக்குப்பிடிச்சன. அமிலத்தை உள்ளே இழுக்கிற கதவு நாயோட சிறுநீரகச் செல்லில் இருக்கு, வெளியே தள்ளுற கதவு சரியா இல்லை. அதனால் உள்ளேயே தேங்குது என்பது இப்போதைய விளக்கம். மனுஷனுக்கு அந்தக் கதவு இருக்கு. அதனால்தான் நாம ரசத்தை டம்ளரில் ஊத்திக் குடிக்கிறோம்.

சரி, சின்ன நாய்க்கு என்னதான் கொடுக்கலாம்? தின்பண்டம் எதுவானாலும் ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாதுன்னு மருத்துவர்கள் சொல்றாங்க. 5 கிலோ நாய்க்கு அது கிட்டத்தட்ட மூணில் ஒரு பங்கு வாழைப்பழம், அதோட சரி. விதை எடுத்த பப்பாளி, தர்பூசணி, நடுப்பகுதி நீக்கிய ஆப்பிள், விதைப்பகுதியை வழிச்ச கொய்யா, தோல் சீவிய மாம்பழத் துண்டு எல்லாம் சரி. மாங்கொட்டையைச் சப்பட்டும்னு போட்டுடாதீங்க. சின்ன நாய்க்குத் தொண்டையிலோ குடலிலோ மாட்டிக்கும், அப்புறம் அறுவை சிகிச்சைதான். சீதாப்பழத்தில் ஒரு விதைகூடப் போகக் கூடாது. பேன் மருந்துக்கு அரைக்கிற விதை அது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சுது, நல்ல பழம், நீங்க சாப்பிடுங்க. கிஸ்மிஸ் போட்ட லட்டு, பாயசம், கேசரி எதுவும் நாய்க்கு வேண்டாம். புளிச்சோறு, புளிக்குழம்பு, ரசம், புளி மிட்டாய், கடிச்சுத் துப்பின புளியங்காய் எல்லாமே இந்த லிஸ்டில் சேர்த்தி. சோறு போடணும்னா குழம்பு ஊத்துறதுக்கு முன்னாடியே வெறும் சோறாத் தனியா எடுத்து வெச்சிடுங்க.

நிறையத் தின்னுடுச்சுன்னா வாந்தி வரட்டும்னு காத்திருக்காதீங்க. வீட்டில் உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் முயற்சி பண்ணாதீங்க, அந்த உப்பே ஆபத்து. முதல் ஓரிரு மணி நேரத்துக்குள்ள மருத்துவர்கிட்ட போனா, அவங்க பாதுகாப்பா வாந்தி எடுக்க வெச்சு, டிரிப்ஸ் ஏத்தி, கிரியேட்டினின் பார்ப்பாங்க. ஆலங்குளம் பக்கம் இருக்கிறவங்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, சென்னைக்காரங்களுக்கு வேப்பேரி. போகும்போது நாயோட எடையையும், என்ன தின்னுச்சு, எத்தனை மணிக்குத் தின்னுச்சுன்னும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டு போங்க. கேஸ் ஷீட்டில் அதை அப்படியே ஏத்தச் சொல்லுங்க, புளின்னா புளின்னே.