டொரேயா மரமும் அப்பலாச்சிக்கோலா நதிக்கரையும்

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில், சட்டகூச்சி, பிளிண்ட் என்னும் இரு நதிகள் ஜோர்ஜியா மாநிலத்தின் எல்லையிலே கூடி, அப்பலாச்சிக்கோலா எனப் புதுப்பெயர் பெற்றுப் புளோரிடாவினூடே பாய்ந்து மெக்சிக்கோ வளைகுடாவைச் சேர்கின்றன. புளோரிடா தட்டையான நாடு என்பதே நம்மிற் பலரின் எண்ணம். ஆயின் இந்நதியின் கீழைக்கரை சில இடங்களில் ஏறத்தாழ 150 அடி உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கின்றது. அம்மேட்டைப் பிளந்து செல்லும் குளிர்ந்த பள்ளங்களிலே, உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணுதற்கரிய ஒரு மரம் வளர்கின்றது. அம்மரத்தின் பெயரையே அங்குள்ள மாநிலப் பூங்காவும் தாங்கியுள்ளது.

பனியூழியிற் குளிருக்கு ஒதுங்கி நதிவழியே தெற்கே வந்த வடநாட்டுத் தாவரங்களுள் இதுவும் ஒன்று என்பதும், வெப்பம் மீண்டபோது ஏனையவை வடக்கே திரும்ப இது மட்டும் பள்ளங்களின் நிழலில் தங்கிவிட்டது என்பதும் ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

ஹார்டி குரூம் என்னும் தோட்டத்துரை 1830களில் இம்மரத்தை முதன்முதல் அறிவுலகுக்குத் தெரிவித்தார். அவர் தாவரவியலிலும் வல்லவர். தம் நண்பரும் புகழ்பெற்ற தாவரவியலாளருமான ஜோன் டொரேயின் பெயர் இதற்கு வழங்கவேண்டுமென்பது அவர் விருப்பம். 1838இல் அப்பெயர் நிலைபெற்றது. அதனைக் காணக் குரூம் உயிரோடில்லை. 1837இல் மனைவி மக்களுடன் சென்ற நீராவிக்கப்பல் புயலிற் சிதைய, குடும்பம் முழுவதும் கடலில் மாண்டது. டொரேயின் மரம் வளரும் அதே காட்டு நிழலில் வளரும் சிறு பூண்டொன்று இன்று குரூமியா என வழங்குகின்றது. நண்பர் இருவரின் பெயரும் ஒரே கரையில் வாழ்வதைக் கல்லில் வெட்டிய நினைவுச் சின்னத்தினும் மேலானதாக நான் கருதுகிறேன்.

ஊரவர்க்கோ அம்மரம் வெறும் ‘நாறுந் தேவதாரு’. இலையைக் கசக்கினால் எழும் வாடையால் வந்த பெயர் அது. வேலிக்கம்பமாகவும், ஆற்றிற் சென்ற நீராவிப் படகுகளுக்கு விறகாகவும் அதனை வெட்டினார்கள்.

எதிர்க்கரையில் 1849இல் ஜேசன் கிரெகரி என்பவர் மாளிகையொன்றை எழுப்பினார். அடிமைகளின் உழைப்பால் விளைந்த பருத்தியே அவருடைய செல்வம். அடிமைமுறை ஒழிந்ததும் தோட்டத்தின் வளமும் ஒழிந்தது. 1930களில், பொருளாதார மந்தத்தினால் வேலையிழந்த இளைஞர்க்கு ரூஸ்வெல்ற் அரசாங்கம் வகுத்த பணிப்படையினர் இப்பூங்காவை அமைத்தபோது, அம்மாளிகையைப் பலகை பலகையாகப் பிரித்து, ஆற்றைக் கடத்தி, இக்கரை மேட்டின்மேல் மீண்டும் பொருத்தினர். உள்நாட்டுப் போரின்போது தென்னவர் ஆறு பீரங்கிகளை நிறுத்திய அரண்களின் தடமும் அங்கே பேணப்படுகின்றது.

பூங்காவுக்குப் பெயர் தந்த மரத்துக்கு மட்டும் அக்காவல் போதவில்லை. 1950களில் ஒரு கொள்ளைநோய் அதனைப் பற்றியது. இலட்சக்கணக்கில் நின்றவை ஆயிரத்துக்கும் குறைவாயின. பங்கசு ஒன்று முதன்மையான காரணம் என்பது வெகுகாலம் கழிந்த பின்னரே தெளிவாயிற்று. பட்ட மரத்தின் அடியிலிருந்து தளிர்கள் எழுகின்றன. விதை தரும் வயதுக்கு முன்னரே அவையும் கருகுகின்றன. 1984இல் அருகிவரும் இனமென அரசு அதனை அறிவித்தது. 2018 அக்டோபரில் வீசிய மைக்கல் சூறாவளி, அதற்கு நிழல் தந்த பெருமரங்களையும் சாய்த்தது.

மாளிகையை நகர்த்தியதுபோல மரத்தையும் நகர்த்தலாகாதா? 2008இல் தொண்டர் சிலர் இம்மரத்தின் நாற்றுகளை வட கரோலினா மலைப்பகுதியில் நட்டனர். பனியூழிக்குப் பின் தானே சென்றிருக்கவேண்டிய இடத்துக்கே அதனை அனுப்புகிறோம் என்பது அவர் வாதம். அந்நிய மண்ணிற் புகுத்தும் மரம் அங்குள்ள காட்டுக்கு என்ன தீங்கு செய்யுமோ, நோயையும் உடன்கொண்டு செல்லுமோ என அஞ்சும் விஞ்ஞானிகளும் உளர். இவ்வச்சத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. அதே வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில், பில்ற்மோர் மாளிகைத் தோட்டத்திலே, 1930களின் இறுதியில் நடப்பட்ட டொரேயா மரங்கள் ஓங்கி வளர்ந்து காய்த்தன.