"சுப்பீரியர் தேன்" எழுதினா சிரிக்கிறோம், "டிஃபரென்ட் டு" எழுதினா?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு டிசைன் டாக்குமென்ட். ரெண்டு வாரம் முன்னாடி எங்க டீம்ல புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு அதை எழுதினாங்க. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். டிசைன் நல்லா இருந்தது. ஆனா ஒரு வரியில, புது கேஷ் பழசைவிட மேலானதுன்னு சொல்ல "சுப்பீரியர் தேன்"னு எழுதியிருந்தாங்க. யாரோ அதுக்குக் கீழே கமெண்ட்ல ஒரு சிரிக்கிற எமோஜி போட்டாங்க. அதோட முடிஞ்சது. அன்னிலேர்ந்து அந்தப் பொண்ணு சேனல்ல எதுவும் போடுறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்பி, "அண்ணா, இங்கிலீஷ் ஓகேவா?"ன்னு கேக்குறாங்க.

கதை இங்க முடியல. அதே டாக்குமென்ட்ல பிரிட்டன்ல இருக்கிற ஒருத்தர் "டிஃபரென்ட் டு"ன்னு எழுதியிருந்தார். அமெரிக்காவுல இருக்கிறவர் அதைச் சத்தமில்லாம "டிஃபரென்ட் தேன்"னு மாத்தினார். நான் படிச்ச கிராமர் புக் பிரகாரம் ரெண்டுமே தப்பு, "டிஃபரென்ட் ஃப்ரம்"தான் சரி. ஆனா அங்க யாரும் எமோஜி போடல.

எனக்கு இது உறுத்திச்சு. கோட்ல ஒரு வரி புரியலைன்னா கிட் பிளேம் போட்டு, யார் எப்போ எழுதினாங்கன்னு பார்ப்போம்ல? அதையே இந்த வார்த்தைகளுக்குப் பண்ணிப் பார்த்தேன். (எழுத்து வடிவத்துல படிக்கிறவங்களுக்கு: "தேன்"னு வர்ற இடமெல்லாம் ஒப்பிடும்போது வர்ற அந்த இங்கிலீஷ் சொல். இனிக்காது.)

முதல்ல "தேன்". பழைய இங்கிலீஷ்ல இதுவும் "அப்புறம்"னு அர்த்தம் வர்ற "தென்"னும் ஒரே சொல்தான். ஸ்பெல்லிங்ல ரெண்டும் தெளிவா பிரிஞ்சது கிட்டத்தட்ட 1700 வாக்குல. இன்னிக்கு நாம ரெண்டையும் குழப்பினா திட்டுறாங்க, ஆனா ஷேக்ஸ்பியர் காலத்துல அச்சடிச்ச புத்தகங்கள்லயே "தேன்" வரவேண்டிய இடத்துல "தென்" இருக்கும். ராமு உயரம், அப்புறம்தான் சோமு. ஒப்பீடு இப்படித்தான் பிறந்திருக்கும்னு ஒரு விளக்கம் இருக்கு. தமிழ்ல நாம வேற வழி பிடிச்சோம். "சோமுவைவிட ராமு உயரம்"ங்கிறதுல இருக்கிற "விட", விடுங்கிற வினைலேர்ந்து வந்தது. சோமுவை விட்டுடு, ராமு உயரம். இந்தியில "சே", அதாவது "இலிருந்து". ஒவ்வொரு மொழியும் கைக்குக் கிடைச்ச கருவியை வெச்சு ஒப்பிடுது. இதுல லாஜிக்கா ஒண்ணு சரி, இன்னொண்ணு தப்புன்னு சொல்ல வழியே இல்ல.

அப்போ சரி தப்பு எப்போ உள்ள வந்தது? பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டுல. 1755ல சாமுவேல் ஜான்சனோட அகராதி, 1761ல ஜோசப் பிரீஸ்ட்லியோட இலக்கணம் (ஆமா, ஆக்சிஜன் பிரீஸ்ட்லியேதான்), 1762ல ராபர்ட் லவுத்தோட இலக்கணம். வியாபாரத்துல முன்னுக்கு வந்த குடும்பங்கள், பேச்சுலயும் எழுத்துலயும் பெரிய இடத்து ஆளுங்க மாதிரி இருக்கணும்னு புத்தகம் வாங்கின காலம். பல பேருக்கு அளவுகோல் லத்தீன். "அவெர்ஸ்"ங்கிற சொல்லுக்கு ஜான்சன் என்ன சொன்னார் தெரியுமா? அதுக்கு அப்புறம் "ஃப்ரம்"தான் முறை, நிறைய பேர் "டு" போடுறாங்க, அது முறையில்லைன்னார். லத்தீன்ல அதுக்கு "விலகித் திரும்பிய"ன்னு அர்த்தம், அதனால "ஃப்ரம்". இன்னிக்கு ஜான்சன் சொன்ன மாதிரி எழுதினா நம்மளைத்தான் ஒரு மாதிரி பார்ப்பாங்க. எல்லாரும் "அவெர்ஸ் டு"தான்.

இப்போ என்னோட ஃபேவரிட் ஆளுக்கு வரேன். ராபர்ட் பேக்கர். 1770ல இங்கிலீஷ் மொழியைப் பத்தின குறிப்புகளா ஒரு புத்தகம் போட்டார். பதினஞ்சு வயசுல பள்ளிக்கூடத்தை விட்டவர். கிரேக்கம் தெரியாது, லத்தீன் அரைகுறை. யாரையும் கலந்து பேசியும் எழுதல. இதை நான் கண்டுபிடிச்சுச் சொல்லல, அவரே ஒப்புக்கிட்டது. எனக்கு இந்த மனுஷனை ரொம்பப் பிடிச்சிருக்கு. பட்டம் இல்லாம ஒரு மொழிக்கே கோட் ரிவியூ பண்ணியிருக்கார்!

"டிஃபரென்ட்" விஷயத்துல முதல்ல வாயைத் திறந்தவர் இவர்தான்னு தெரியுது. "டிஃபரென்ட் தேன்" இங்கிலீஷே இல்லைன்னார். "டு", "ஃப்ரம்" ரெண்டுமே வழக்குல இருக்கு, ஆனா தனக்கு "ஃப்ரம்" அர்த்தத்தோட பொருந்துற மாதிரி தோணுதுன்னார். கவனிங்க, தோணுது. அவ்வளவுதான். "லெஸ்", "ஃப்யூவர்" வித்தியாசமும் இவர் ஆரம்பிச்சு வெச்சதுதான். எண்ணக்கூடிய பொருள்னா "ஃப்யூவர்" நல்லா இருக்கும்னு அங்கயும் விருப்பமாத்தான் சொன்னார். அந்த விருப்பம் பின்னாடி விதியாச்சு. 2008ல டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் தன்னோட "10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்" போர்டையே மாத்துற அளவுக்குப் போச்சு.

பேக்கர் இங்கிலீஷே இல்லைன்னு சொன்ன "டிஃபரென்ட் தேன்"ஐ எழுதினவங்க யார்னு பார்த்தா அடிசன், டீஃபோ, கோல்ட்ஸ்மித், கோல்ரிட்ஜ், தாக்கரே. ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியே இந்தப் பட்டியலைத் தருது. "டிஃபரென்ட் டு" அதுக்கும் மூத்தது, பதினாறாம் நூற்றாண்டுலயே இருக்கு. "தேன்" எப்படி வந்து ஒட்டிச்சுன்னு புரிஞ்சுக்கறதும் கஷ்டமில்ல. "அதர் தேன்"னு ஏற்கெனவே இருக்கு. வேறன்னு அர்த்தம் வர்ற ஒரு சொல்லுக்கு "தேன்" பழகின வாய், இன்னொண்ணுக்கும் போடும்.

அப்புறம் பள்ளிக்கூடம் ஒரு காரணம் கண்டுபிடிச்சது. "டிஃபர் ஃப்ரம்"னு சொல்றோம், அதனால "டிஃபரென்ட் ஃப்ரம்". கேக்க நல்லாத்தான் இருக்கு. அப்போ "அக்கார்ட் வித்"னு சொல்ற நாம ஏன் "அக்கார்டிங் டு"ன்னு சொல்றோம்? பதில் இல்ல. 1926ல எச். டபிள்யூ. ஃபவ்லர் தன்னோட மொழிப் பயன்பாட்டு அகராதியில, "ஃப்ரம்" மட்டும்தான் வரணும், "டு" வரக்கூடாதுங்கிறது மூடநம்பிக்கைன்னு எழுதிட்டார். ஃபவ்லர் சாதாரண ஆள் இல்ல. இங்கிலீஷ் தப்பு கண்டுபிடிக்கிறவங்க எல்லாரும் மேசையில வெச்சிருந்த புத்தகம் அவரோடது. அவரே மூடநம்பிக்கைன்னு சொல்லியும் அந்த விதி சாகல, நான் படிச்ச கிராமர் புக் வரைக்கும் வந்து சேர்ந்தது.

இன்னிக்கு நிலவரம் இதுதான். "ஃப்ரம்" எங்க போட்டாலும் செல்லும். "டு" பிரிட்டன் பேச்சுல சகஜம். "தேன்" அமெரிக்காவுல சகஜம், முக்கியமா பின்னாடி ஒரு முழு வாக்கியம் வரும்போது.

சரி, "சுப்பீரியர் தேன்" எழுதின நம்ம பொண்ணு? அதுவும் வெறும் மூடநம்பிக்கைன்னு சொல்லி அவங்களைக் காப்பாத்த எனக்கு ஆசைதான். முடியாது. இங்க வரலாறு வேற. சுப்பீரியர், இன்ஃபீரியர், சீனியர், ஜூனியர், ப்ரையர் எல்லாம் லத்தீன் சொற்கள். கடைசியில வர்ற "இயர்"தான் லத்தீனோட ஒப்பீட்டு விகுதி. அதாவது "சீனியர்"னாலே "இன்னும் மூத்த". ஆனா இங்கிலீஷ்ல "தேன்" போய் ஒட்டிக்கிறது முக்கியமா தன் சொந்த ஒப்பீட்டு வடிவங்கள்லதான். டாலர், பெட்டர், மோர், அந்த வகை. வெளியிலிருந்து வந்த இந்தச் சொற்களை அது ஒப்பீடா கணக்குல எடுத்துக்கவே இல்ல, உறவைச் சொல்ற சாதாரணப் பெயரடையா "டு"வோட ஓடவிட்டது. பிரெஞ்சுலயும் இதே சொற்களுக்கு "டு"க்குச் சமமான "ஆ"தான் வரும். வேடிக்கை என்னன்னா, லத்தீன்லயே இப்படிக் கிடையாது. ஆனாலும் நூற்றாண்டுகளா இங்கிலீஷ் எழுதுறவங்க பெரும்பாலும் "டு"லயே நின்னாங்க. இது ஒருத்தர் விருப்பம் விதியான கதை இல்ல, புழக்கமே விதியான கதை.

நம்ம ஊருக்கு இது ரென் அண்ட் மார்ட்டின் வழியா வந்தது, 1930கள்ல வந்த புத்தகம். ரென் வேற யாரும் இல்ல, "போ ஜெஸ்ட்" நாவல் எழுதின பி. சி. ரென். பம்பாய் மாகாணத்துல கல்வித் துறையில இருந்தவர். அந்தப் புத்தகத்துல இந்தச் சொற்களுக்கு "தேன்" கிடையாது, "டு"ன்னு ஒரு பட்டியல் இருக்கும். ஏன்னு கதை இருக்காது. மனப்பாடம் பண்ணினவங்க தப்பிச்சாங்க. அந்தப் புத்தகமே கைக்கு வராதவங்க எமோஜி வாங்குறாங்க.

ஆனா தமிழ்லயே இதுக்கு ஒரு வழி இருக்கு. ஆபீஸ்ல எப்படிச் சொல்றோம்? "அவர் எனக்கு சீனியர்." எனக்கு! அந்தக் "கு"தான் "டு". "என்னைவிட சீனியர்"னும் சொல்றோம், அதுதான் நம்மளை "தேன்"ல தள்ளிவிடுது. "ப்ரிஃபர்"க்கும் "டு"தான். லத்தீன்ல அதுக்கு முன்னால கொண்டுவந்து வைக்கிறதுன்னு அர்த்தம். டீயை காபிக்கு முன்னாடி வைக்கிறேன். இங்கயும் "கு" வந்துடுச்சு பாருங்க. "கம்பேர்" மட்டும் ரெண்டும் எடுக்கும். உவமை சொன்னா "டு", ஷேக்ஸ்பியர் பதினெட்டாவது சானெட்ல அன்புக்குரியவரைக் கோடைநாளோட ஒப்பிடுற மாதிரி. பக்கத்துல பக்கத்துல வெச்சு அளந்தா "வித்", நம்ம பெஞ்ச்மார்க் மாதிரி. இதையும் இப்போ பாதிப் பேர் கண்டுக்கறதில்ல.

போன வாரம் அந்தப் பொண்ணுகிட்ட "எனக்கு சீனியர்" கதையைச் சொன்னேன். சிரிச்சாங்க. அப்புறம், "அண்ணா, அப்போ அவர் எழுதின டிஃபரென்ட் டு?"ன்னு கேட்டாங்க. பேக்கர்லேர்ந்து ஃபவ்லர் வரைக்கும் சொல்லி முடிச்சேன். அன்னைக்கு சாயங்காலம் அவங்களே டாக்குமென்ட்டைத் திறந்து "சுப்பீரியர் டு"ன்னு மாத்தினாங்க. அமெரிக்காக்காரர் மாத்தின வரியையும் பழையபடி "டிஃபரென்ட் டு"ன்னே திருப்பி வெச்சாங்க. காரணம் கேட்டு கமெண்ட் வந்தது. இந்தத் தடவை எனக்கு அனுப்பாமலே அவங்களே பதில் எழுதினாங்க.