கன்னியாவுக்கு ஒரு வாளி

எங்கள் வீட்டில் அதற்குக் கரப்பான் என்றுதான் பெயர். முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்புறமும் சிவந்து, கசிந்து, பிறகு பொருக்காகும். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், பள்ளிக்கூடப் பலகையில் எழுதியிருக்கிறபடி உவர்மலையில், கச்சான் காற்று தொடங்கினால் எனக்கு நித்திரையில்லை. கீழே துறைமுகத்தில் அத்தனை தண்ணீர் கிடந்தும் மேலே தோல் வெடிக்கும்.

"பிள்ளைக்கு உடம்பில சூடு ஏறிப்போச்சு. கன்னியாவுக்குக் கொண்டுபோகவேணும்" என்பார் அம்மம்மா. சூட்டுக்குச் சுடுநீரா என்று கேட்கிற வயதில்லை எனக்கு.

கன்னியா, அனுராதபுரம் வீதிப்பக்கம் சுமார் 8 கிலோமீற்றர். பக்கத்துப் பக்கத்தில் ஏழு சின்னக் கிணறுகள். இறங்கிக் குளிக்க முடியாது. வாளியால் அள்ளி ஊற்றவேண்டும். எட்டிப் பார்த்தால் அடி தெரியும். மழைநீர் பாறை வெடிப்புகளுக்குள் ஆழமாக இறங்கிச் சூடேறி மேலே வருகிறது; எரிமலை ஒன்றும் இல்லை. கிணற்றுக்குக் கிணறு சூடு வேறு. அம்மம்மா ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் பார்த்து, இளஞ்சூட்டில் தொடங்கி வரிசை பிடிப்பார். கடைசி வாளிக்கு நான் கத்துவேன். அதன்பிறகு ஒரு மணித்தியாலம் சொறிச்சல் இராது.

ஆடி அமாவாசைக்கு மட்டும் கூட்டிப்போகமாட்டார். அன்று அது இறந்தவர்களின் இடம். தாய் இறந்துவிட்டாள் என்று விஷ்ணு கிழவர் வேடத்தில் வந்து சொல்ல, இராவணன் கருமம் செய்வதற்காக வாளால் ஏழிடத்தில் குத்தினான் என்பது கதை. அந்தியேட்டிக்கும் சொறிக்கும் ஒரே தண்ணீர்தான்.

பிறகு ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டி பார்க்கிற உத்தியோகம் எனக்கு. அங்கேதான் ரிட்டோசாவைப் பற்றி வாசித்தேன். இத்தாலிக்காரர். அவருடைய பழ ஈக்கள் இருந்த அடைகாப்புப் பெட்டியின் வெப்பத்தை யாரோ தெரியாமல் கூட்டிவிட்டார்கள். பார்த்தால், ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பி நிறமூர்த்தங்களில் புது இடங்களில் வீக்கம். முக்கியமில்லை என்று ஒரு சஞ்சிகை திருப்பி அனுப்ப, 1962இல் வேறொன்றில் வெளியிட்டார். அந்த வீக்கங்களிலிருந்து பிறக்கும் புரதங்களை 1974இல் கண்டார்கள். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பெயராயிற்று. சூட்டில் மற்றப் புரதங்கள் அவித்த முட்டை வெள்ளைபோலத் திரண்டுவிடாமல் பிடித்து வைத்திருப்பது அவற்றின் வேலை.

ஆனால் சூடு மட்டுமில்லை. நஞ்சு, கிருமி, ஒட்சிசன் குறைவு, எது வந்தாலும் கலம் அவற்றைத்தான் உண்டாக்குகிறது. சோரியாசிஸ் தோலில் அவை கூடுதலாகத் தென்படுகின்றன. அவை கலத்துக்கு வெளியே கசிந்தால் நோயெதிர்ப்புக் கலங்களுக்கு அபாயச் செய்தி. வெப்பம் என்று பெயர் வைத்துவிட்டுப் பிறகு 'தகைப்புப் புரதம்' என்றும் சொல்லவேண்டி வந்தது. அம்மம்மாவின் 'சூடு'ம் இப்படித்தான். மாம்பழம் தின்றாலும் சூடு, கோபம் வந்தாலும் சூடு, கண் சிவந்தாலும் சூடு. வெப்பமானி வைத்து அவர் அதைச் சொல்லவில்லை.

இதை வைத்துக் கன்னியா வைத்தியத்துக்கு விஞ்ஞானச் சான்று கிடைத்துவிட்டது என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை. ஆய்வுகூடத்தில் மனிதக் கலங்களை 42 பாகையில் நிறைய நேரம் வைப்பார்கள். வாளித்தண்ணீர் முதுகில் நிற்பது எத்தனை விநாடி? கரப்பான் எல்லாம் ஒன்றல்ல. 1937இல் ஜேர்மன் மருத்துவர் விஸ்கொட் மூன்று சகோதரர்களைப் பற்றி எழுதினார்: கரப்பான், இரத்தப்போக்கு, ஓயாத காதுச்சீழ். சகோதரிகளுக்கு ஒன்றுமில்லை. அது பரம்பரை நோயெதிர்ப்புக் குறைபாடு. அப்படியொரு பிள்ளையின் கசியும் தோலில் ஊர் முழுக்கக் கைவைத்த கிணற்றுத் தண்ணீரை ஊற்ற நான் விடமாட்டேன்.

அம்மம்மாவின் அந்தியேட்டிக்கு வாளியோடு போனேன். ஐயர் சொன்ன இடத்தில் நின்று அள்ளினேன். தலையில் ஊற்றவேண்டியதை, பழக்கதோஷத்தில், முதலில் முழங்கை மடிப்பில் ஊற்றிவிட்டேன்.