கிறீன் வைத்தியரின் அப்பம்மா

நான் பிறந்தது மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த ஆஸ்பத்திரியில். எங்கள் ஊரில் கிறீன் என்றால் ஆளுக்கு முன் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தவர், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர், அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கியவர் என்றெல்லாம் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். சாமுவேல் பிஸ்க் கிறீன் யார் பிள்ளை, யார் பேரன் என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை. பிழைப்புக்கு மாசச்சூசெட்ஸ் வந்து, அவருடைய சொந்த ஊரான வூஸ்டருக்குப் பக்கத்தில் குடியிருக்க நேர்ந்தபோது தேடத் தொடங்கினேன்.

ஆண்வழி சுலபம். 1822இல் பிறந்த கிறீனுக்குத் தகப்பன் வில்லியம் எலைஜா, வழக்கறிஞர். பாட்டன் ஜான், வைத்தியர். பூட்டன் தாமஸ், பாதிரியாரும் வைத்தியரும். ஜான் என்ற பெயரிலேயே அடுத்தடுத்து மூன்று வைத்தியர்கள் இருப்பதால், ஆண்டைக் கவனிக்காவிட்டால் பாட்டனும் பெரியப்பாவும் ஒரே ஆளாகிவிடுவார்கள். அண்ணன் ஆண்ட்ரூ நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை உருவாக்கியவர்களில் ஒருவர். 1903இல் வேறு ஆளென்று நினைத்து ஒருவன் சுட்டதில் இறந்தார்.

பெண்வழிதான் இழுத்தடித்தது. 1850க்கு முந்திய அமெரிக்கக் குடிக்கணக்கில் வீட்டுத் தலைவரின் பெயர்தான் இருக்கும். மற்றவர்களெல்லாம் வயதுவாரியாக எண்ணிக்கை மட்டுமே. அதோடு நின்றால் கிறீனின் அப்பம்மா ஒரு கட்டத்துக்குள் ஓர் எண். ஊர்ப் பதிவுகளுக்கும் குடும்ப வரலாறுகளுக்கும் போனால்தான் மேரி ரகிள்ஸ் என்ற பெயர் கிடைக்கிறது. கூடவே அவருடைய பிறந்த வீடும்.

மேரியின் தகப்பன் திமோதி ரகிள்ஸ் 1765இல் முத்திரை வரிக்கு எதிராகக் கூடிய மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். அமெரிக்கப் புரட்சி வந்ததும் பிரிட்டிஷ் அரசரின் பக்கம் போய், நாட்டையே விட்டவர். மேரியின் சகோதரி பத்சேபா ஸ்பூனர், புருஷனைக் கொல்லச் செய்த குற்றத்துக்காக 1778 ஜூலை 2ஆம் தேதி வூஸ்டரில் தூக்கிலிடப்பட்டார்.

பத்சேபா அப்போது கர்ப்பிணி. வயிற்றில் சிசு துடிக்கத் தொடங்கியிருந்தால் பிரசவம் வரை தண்டனையைத் தள்ளிவைக்க வேண்டும் என்பது சட்டம். சோதித்த குழு துடிப்பு இல்லை என்றது. பிறகு அவர்களில் சிலரே கருத்தை மாற்றிச் சொல்லியும் எடுபடவில்லை. அவர் கேட்டுக்கொண்டபடி இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தார்கள். ஐந்து மாத ஆண் சிசு இருந்தது. புரட்சி விரோதியின் மகள் என்பதும் அந்தத் தீர்ப்புக்குள் வேலை செய்தது என்றே நான் நினைக்கிறேன். மேரிதான் உடலை வாங்கித் தங்கள் கிறீன் ஹில் காணியில் அடக்கம் செய்தார் என்று ஊரில் சொல்வார்கள். கல் எதுவும் நாட்டவில்லை. கிறீனின் தகப்பனுக்கு அன்று வயது ஒன்று.

அந்தப் பத்சேபாவுக்குப் பேரன் முறையான கிறீன், 1857இல் பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழில் கொண்டுவந்தார். இரண்டையும் முடிச்சுப் போடுவது கதாசிரியர் வேலை, நான் அதற்குப் போகவில்லை. 1873இல் ஊர் திரும்பிய கிறீன் 1884இல் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று அவருடைய கல்லறையில், அவர் விரும்பியபடியே, பொறித்திருக்கிறார்கள்.

அவரிடம் படித்த வைத்தியர்களின் பரம்பரையினர் யாழ்ப்பாணத்திலும் வெளியிலும் இருப்பீர்கள். உங்கள் வீட்டில் பழைய ஞானஸ்நானப் பத்திரமோ கலியாண எழுத்தோ காணி உறுதியோ இருந்தால் இன்றே படமெடுத்து வையுங்கள். பரம்பரை எழுதும்போது அம்மம்மா, அப்பம்மா பெயர்களோடு அவர்கள் பிறந்த வீட்டையும் சேர்த்து எழுதுங்கள்.