மலர்ப் பெயர்களும் மலைநாட்டு மகளிரும்

பெண்மக்கட்குப் பெயரிடுதல் பற்றிய வழக்கொன்று திகன நகரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இந்நாளில் வீடுதோறும் நடைபெறுகின்றது. இளம் பெற்றோர் நிலா, கயல், முல்லை, ஆதிரை, குறிஞ்சி என இயற்கைப் பொருள்களின் பெயரை விரும்புகின்றனர். மூத்தோரோ, கடவுட் பெயர் இருக்கப் பூவும் மீனும் எதற்கு என வினவுகின்றனர். ஒரு சாரார் புதுமை எனப் போற்றுவதை மறு சாரார் புதுமை எனப் பழிக்கின்றனர். எனவே, இது புதுவழக்கு என்பதில் மட்டும் இரு சாரார்க்கும் உடன்பாடே. வரலாறு அவ்வுடன்பாட்டிற்கு இடந்தரவில்லை.

சங்கத் தொகைநூல்களிற் காணப்படும் புலவருள் அள்ளூர் நன்முல்லையார் ஒருவர். பெண்பாற் புலவராகக் கொள்ளப்படும் இவர் பெயர் நல்ல முல்லை என்னும் பொருளது. நிலத்தையே குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பூவாலும் மரத்தாலும் வகுத்துணர்ந்த மக்கள், மகளுக்கும் அத்தகைய பெயரை இட்டதில் வியப்பில்லை. சிலப்பதிகாரத்து மாதவி குருக்கத்திக் கொடியின் பெயர் பூண்டவள். மணிமேகலையின் அமுதசுரபியில் முதற்பிச்சை இட்ட ஆதிரையோ விண்மீனாற் பெயர்பெற்றவள்.

கடவுட் பெயரே வேண்டும் என்னும் கட்சியும் பழையதே. மானிடப் பெயரை விடுத்துத் திருமாலின் பெயரையே பிள்ளைகட்கு இடுமாறு பெரியாழ்வார் தம் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் வற்புறுத்துகின்றார். ஆயின், துளசிச் செடியின் அருகே கண்டெடுத்த தம் மகளை அவர் அழைத்த பெயர் கோதை என்ப. பூமாலை என்பது அதன் பொருள். எதிர்க்கட்சிக்காரர் வீட்டிலேயே ஒருவருக்குச் சான்று கிடைப்பது அரிது. ஈண்டு அது கிடைக்கின்றது.

இனி, நம் கண்டி மாநகரின் வரலாற்றிற்கு வருவோம். சீதாவக்கை இராசசிங்கனாற் கண்டியரசன் கரலியத்த பண்டாரன் நாட்டைவிட்டு ஓட்டப்பட்டபோது அவன் மகள் சிறு குழந்தை. தந்தையை இழந்து போர்த்துக்கேயரிடத்தில் வளர்ந்த அவளுக்கு அவர்கள் ஞானமுழுக்கில் இட்ட பெயர் தோனா கத்தரீனா. 1594இல் அவளை அரியணையேற்றும் நோக்குடன் பேரோ லோப்பேஸ் த சௌசா படையொடு கண்டிக்கு வந்தான். தந்துரேப் போரில் அப்படை அழிந்தது. வென்ற விமலதர்மசூரியன் அவளையே மணந்து தன் அரசுரிமையை உறுதிப்படுத்திக்கொண்டான். 1604இல் அவன் இறந்தபின் செனரதன் அவளை மணந்தான். இரண்டாம் இராசசிங்கனை ஈன்றவள் அவளே. ஐரோப்பியர் நூல்கள் கத்தரீனா என்றே குறிக்கும் அவ்வரசியின் சொந்தப் பெயர் குசுமாசன தேவி. குசுமம் மலர், ஆசனம் இருக்கை, மலரை இருக்கையாக உடையவள் என்பது பொருள்.

இப்பெயரைத் தமிழாற் கூறின் யாது வரும்? அலர்மேல்மங்கை என வரும். திருச்சானூரிற் கோயில்கொண்ட திருமகளின் பெயர் அது. மக்கள் நாவில் அலமேலு எனத் தேய்ந்தது. கோப்பித் தோட்டங்கட்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்கட்கும் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்களில் வழங்கிய பெயர்களுள் அலமேலுவும் ஒன்று. ஆகவே, கண்டி அரண்மனையில் வாழ்ந்தவளும் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவளும் பொருளால் ஒரே பெயரினர். எனினும் முன்னதை வரலாற்றுப் பெயர் என்றும் பின்னதைத் தோட்டத்துப் பெயர் என்றும் நாம் பிரித்துவிட்டோம். கடவுட் பெயரா, பூப்பெயரா என்னும் வினாவும் இவ்விடத்தே வலியிழக்கின்றது. திருமகளே பூவாற் பெயர் பெற்றனள் அன்றோ?

பூவாயி, செண்பகம், மருக்கொழுந்து, பூங்காவனம் முதலியனவும் இவ்வினத்தவே. இன்று நம் மாணவியர் பாட்டியின் பெயரைக் கேட்டால் தலைகுனிந்தே சொல்லுகின்றனர். இதற்குக் காரணம் பெயரின் பொருளன்று. அப்பெயர் எங்கே எழுதப்பட்டது என்பதே. மலையகத்திற் ‘பேர்’ என்னுஞ் சொல்லுக்கு ஒருநாட் கூலி என்னும் பொருளும் உண்டு. கொழுந்தின் நிறை குறைந்தால் அன்று ‘அரைப்பேர்’. பெயர் என்பது கூலிக்கணக்கின் ஓர் அலகாகவே மாறிய வேறு சமுதாயத்தை யான் அறியேன். பின்னர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் வந்தன. 975,000 மக்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென அவ்வொப்பந்தத்தில் முடிவாயிற்று. தான் இன்னார் என்பதை ஒருவர் தாளினால் நிறுவவேண்டிய காலம் அது. பூவாயி என்பது அழகிய பெயரா எனக் கேட்பார் எவருமிலர்.

தமிழகத்தில் மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பின்வந்த திராவிட இயக்கமும் மலர்விழி, பூங்கொடி, கயல்விழி போன்ற பெயர்களைப் பரப்பின. மு. வரதராசனார் செந்தாமரை, மலர்விழி, அல்லி எனத் தம் நாவல்கட்கே பெயரிட்டார். அவ்வலை மலைநாட்டிலும் வந்து படிந்தது. இங்கிலாந்தில் விக்டோரியா அரசியின் ஆட்சிப் பிற்பகுதியில் ரோஸ், லில்லி, டெய்சி, வயலட் எனப் பெண்களுக்குப் பெயரிடுதல் இவ்வாறே பெருகிற்று. (நம் ஊரருகே மகாவலியை மறித்து 1985இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கம் பூவின் பெயரைப் பெறாது அவ்வரசியின் பெயரையே தாங்குகின்றது.)

மல்லிகா என்னும் பெயர் தமிழர்க்கும் சிங்களவர்க்கும் பொது. முஸ்லிம் மக்களின் யாஸ்மின் என்பதும் அதே பூவினத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது. 2018 மார்ச்சு மாத வன்செயலால் நாடெங்கும் பேசப்பட்ட இவ்வூரில், மூவின மக்களும் தம் பெண்களை ஒரு பூவின் பெயராலேயே நெடுங்காலம் அழைத்து வந்துள்ளனர்.

என் கருத்து இளம் பெற்றோர் பக்கமே. எண்கணிதத்திற்கு இசைய எழுத்துகளைக் கூட்டியும் குறைத்தும் ஆக்கப்படும் பொருளில்லாப் பெயர்களினும் நிலாவும் கயலும் எவ்வளவோ மேல். ஆயின், பூவாயியின் பேர்த்திக்குப் பூவிழி எனப் பெயரிட்டுவிட்டுப் பூவாயியை நாகரிகமற்ற பெயர் என்போரின் சுவையை யான் ஏற்கமாட்டேன். நடைமுறையில் ஒன்றையும் நோக்குதல் நன்று. சிங்கள எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் ழகரம் இல்லை. ஆதலாற் பூங்குழலியும் மலர்விழியும் பிறப்புப் பதிவிலேயே தம் ஓசையை இழத்தல் கூடும். முல்லைக்கும் நிலாவுக்கும் கயலுக்கும் அவ்விடர் இல்லை, அலமேலுவுக்கும் இல்லை.